நாமக்கல்லுக்குப் போன் போடுவதற்கு முன்

வாசகர் கேள்வி – பதில்

(கோழித் தீவனச் சேர்க்கைகளை மேற்கு மாவட்டங்களில் நெடுங்காலம் விற்று, இப்போது ஈரோட்டில் ஓய்வில் இருக்கும் எங்கள் பத்தியாளர், விற்பனைத் துறை வாசகர்களுக்குப் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: படிப்பு முடிந்து முதல் வேலை. எங்கள் நிறுவனம், மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று சில நிமிடங்களில் காட்டும் சோதனைப் பட்டையை விற்கிறது. நாமக்கல், பல்லடம் கோழிப்பண்ணைகளின் தொலைபேசி எண்களை மேலாளர் கையில் கொடுத்து, ‘வாடிக்கையாளரின் தொழிலைப் படித்துவிட்டுப் பேசு’ என்றார். எனக்குக் கோழி பழக்கமானது தட்டில்தான். எங்கிருந்து தொடங்குவது?
– ர.கா., குரோம்பேட்டை

பதில்: தம்பி, முதலில் அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். நாமக்கல் என்றால் முட்டைக்கோழி. பல்லடம் என்றால் கறிக்கோழி. சென்னையிலிருந்து பார்த்தால் இரண்டும் ‘கோழிப்பண்ணை’; பணம் போகும் பாதையில் இரண்டுக்கும் உறவே கிடையாது.

பல்லடம் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த முறையில் வளர்ப்பவர்கள். குஞ்சு, தீவனம், மருந்து மூன்றையும் ஒரு நிறுவனம் அனுப்புகிறது. கொட்டகை, மின்சாரம், உழைப்பு இவருடையது. கோழி எடை வந்ததும் அதே நிறுவனம் பிடித்துக்கொண்டு போய்விடும். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி இவருக்கு வரும். மக்காச்சோளத்தை இவர் பார்ப்பதே அரைபட்டு மூட்டையில் வந்த பிறகுதான். இவரிடம் நச்சுச் சோதனையைப் பற்றி நீங்கள் எவ்வளவு அழகாகப் பேசினாலும், ‘கம்பெனியில் கேளுங்கள்’ என்பார். அவர் சொல்வது சரி. அங்கே உங்கள் வாடிக்கையாளர் அந்த நிறுவனத்தின் தீவன ஆலையில் இருக்கிறார். இத்தனை எண்களுக்குப் பதிலாக அங்கே நான்கைந்து எண்கள் போதும்.

நாமக்கல் கதை வேறு. அங்கே பண்ணைக்காரர் தாமே மக்காச்சோளம் வாங்கி, தாமே அரைத்து, தாமே முட்டை விற்கிறார். லாபமும் நட்டமும் அவர் தலையில். ஆகவே கணக்குப் போடப் பழகுங்கள். ஒரு முட்டைக்கோழி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் தின்னும். 50,000 கோழி என்றால் தினம் ஐந்தரை டன். அதில் பாதி மக்காச்சோளம் என்று வைத்துக்கொண்டால் 2,750 கிலோ. சோளம் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால், அன்று காலையே அவர் பையிலிருந்து 2,750 ரூபாய் போய்விட்டது. அதே பண்ணையில் நூற்றுக்குத் தொண்ணூறு கோழி முட்டையிட்டால் 45,000 முட்டை. விலை 10 காசு இறங்கினால் 4,500 ரூபாய். நம் வீட்டில் 10 காசைக் கீழே போட்டால் யாரும் குனிந்து எடுக்க மாட்டோம். அவருக்கு அந்த 10 காசில்தான் அன்றைய தூக்கம். இந்தக் கணக்கை மனதில் போட்டுப் பார்த்த பிறகு போனை எடுங்கள். உங்கள் குரலே மாறியிருக்கும்.

முட்டை விலையை அறிவிப்பது என்இசிசி என்று சொல்லப்படும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. வியாபாரிகள் வைத்ததே விலை என்றிருந்த நிலையை மாற்ற, 1982இல் பி.வி. ராவ் முன்னின்று தொடங்கியது. நாமக்கல் மண்டல விலை நாளிதழ்களில் வரும். ஆனால் பேப்பரில் வரும் விலை முழுதாகப் பண்ணைக்காரர் கைக்கு வருவதில்லை. வியாபாரிகள் அதிலிருந்து சில பத்துக் காசுகளைக் குறைத்துத்தான் எடுப்பார்கள். ஊரில் இதற்கு ‘மைனஸ் விலை’ என்று பெயர். ‘விலை நன்றாக ஏறியிருக்கிறதே, சந்தோஷமா?’ என்று ஆரம்பிக்கிற ஆள் பேப்பரை மட்டும் படித்தவர். ‘இப்போது மைனஸ் எவ்வளவு ஓடுகிறது?’ என்று கேட்கிறவருக்கு நாற்காலி போடுவார்கள்.

அடுத்தது காலம். புரட்டாசியில் தமிழ்நாட்டில் பல வீடுகளில் அசைவம் கிடையாது, முட்டை தேங்கும். கார்த்திகையில் மாலை போட்டவர்களால் இங்கேயும் கேரளாவிலும் விற்பனை கொஞ்சம் தளரும். ஆனால் குளிர் வந்தால் மற்றப் பகுதிகளில் முட்டை அதிகம் போகும். கிறிஸ்துமஸ் கேக்கும் சேர்ந்துகொள்ளும். மே மாதத்தில் பள்ளிகள் மூடினால் சத்துணவு முட்டை நிற்கும். வெயிலில் கோழி தீவனம் தின்னாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், சாகவும் செய்யும். புரட்டாசி நடுவில் போய்ப் புதுச் செலவு ஒன்றைச் சொன்னால், நீங்கள் சொல்வது தங்கமாக இருந்தாலும் வாங்க மாட்டார். உங்கள் பொருளுக்கு ஒரு நல்ல காலம் இருக்கிறது. கர்நாடகத்துப் புதுச் சோளம் – தாவணகெரே, ஹாவேரி பக்கத்தது – மழைக்காலத்தை ஒட்டி வரும். நம் பெரம்பலூர்ச் சோளத்தையும் வடகிழக்குப் பருவமழை சும்மா விடாது. சரியாகக் காயாத சோளம் கிடங்கில் அடைந்தால் பூஞ்சை பிடிக்கும். லாரி வந்து நிற்கிறது, ஈரம் 14 விழுக்காட்டைத் தாண்டுகிறது, இறக்குவதா திருப்பி அனுப்புவதா என்று குடோன் பொறுப்பாளர் தலையைச் சொறிகிற அந்தப் பத்து நிமிடம்தான் உங்கள் பொருளுக்கான இடம்.

ஆனால் சோளம் கிடைப்பதே அரிதாக இருக்கும் நாட்களில் லாரியைத் திருப்பி அனுப்ப எவருக்கும் மனம் வராது. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. கோழிக்கும் பெட்ரோலுக்கும் ஒரே சோளத்தில் போட்டி வந்துவிட்டது. சர்க்கரைக் கொள்கை எங்கே, ராசிபுரத்துக் கோழி எங்கே என்று நினைக்காதீர்கள். வாடிக்கையாளரின் தொழிலைப் படிப்பது என்று உங்கள் மேலாளர் சொன்னது இந்த மாதிரி நூலைப் பிடித்துக்கொண்டு போவதைத்தான். வாடிக்கையாளருடைய வலைத்தளத்தின் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தை மனப்பாடம் செய்வதை அல்ல.

இதையெல்லாம் எங்கே படிப்பது என்பீர்கள். நாமக்கல் செய்திகள் வரும் தமிழ் நாளிதழ் ஒன்றை வாங்குங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆராய்ச்சி நிலையம் பண்ணையாளர்களுக்காக ஓர் அறிக்கை தரும். அது பெட்டிச் செய்தியாக வரும். வரும் நாட்களின் வெப்பம், காற்று, மழை. கூடவே, இறந்த கோழிகளைக் கோழியின நோய் ஆய்வகத்தில் அறுத்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது, அதற்குப் பண்ணையாளர் என்ன செய்ய வேண்டும் என்றும் இருக்கும். நாலைந்து வரிதான். கோழி வளர்க்காதவர்கள் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் கடந்த ஓராண்டு அறிக்கைகளைத் தேடி எடுத்து ஒரே மூச்சில் படித்தால், எந்த மாதம் எந்தத் தொல்லை என்று உங்களுக்கே ஒரு பஞ்சாங்கம் கிடைத்துவிடும். நான் தொழிலில் இருந்தபோது அவற்றைக் கத்தரித்து நோட்டில் ஒட்டுவேன். எங்கள் நிறுவனம் அச்சடித்துக் கொடுத்த வழவழப்பான கையேடுகளைவிட அந்த நோட்டு அதிகம் விற்றது.

இனி உங்களுக்குப் போட்டி யார் என்று பாருங்கள். அதே கால்நடைக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. ‘அங்கே கொடுத்தால் நம்பகமான அறிக்கை தருகிறார்கள், உன் பட்டை எனக்கு எதற்கு?’ – இந்தக் கேள்வி வந்தே தீரும். ஆய்வகத்தைக் குறைத்துப் பேசினீர்களோ, தொலைந்தீர்கள். அங்கே இருக்கும் பேராசிரியர்களிடம் படித்த மருத்துவர்தான் இந்தப் பண்ணைக்கு ஆலோசகராக இருப்பார். லாரி வாசலில் நிற்கும்போது முடிவெடுக்கப் பட்டை, சந்தேகம் வந்ததை உறுதி செய்ய ஆய்வகம் என்று சொல்லுங்கள். இன்னொரு போட்டி, கண்ணுக்குத் தெரியாதது: டாக்சின் பைண்டர், அதாவது நச்சைப் பிடித்து வைக்கும் பொடி. நச்சு இருக்கிறதோ இல்லையோ, டன்னுக்கு இவ்வளவு என்று அந்தப் பொடியைத் தீவனத்தில் கலந்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். (நானும் விற்றிருக்கிறேன். நல்ல கமிஷன்.) அவரிடம் கோழியின் கல்லீரல் கெடும், முட்டை குறையும் என்று பயமுறுத்தாதீர்கள், அது உங்களைவிட அவருக்குத் தெரியும். பைண்டருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது, எதைப் பார்த்து அளவைக் கூட்டுகிறீர்கள் குறைக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வராமல் ஒரு சின்ன மௌனம் வந்தால், உங்கள் பொருளுக்கு இடம் இருக்கிறது.

விவரம் தெரிந்தவர் ஒருவர் உங்களை மடக்கவும் செய்வார். இந்த நச்சு லாரி முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்காது; ஒரு மூட்டையில் இருக்கும், பக்கத்து மூட்டையில் இருக்காது. ‘ஒரு கைப்பிடி எடுத்து உன் பட்டையில் வைத்தால் 20 டன்னுக்கும் பதில் கிடைத்துவிடுமா?’ என்பார். எத்தனை மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுக்க வேண்டும், எப்படி அரைத்துக் கலக்க வேண்டும் என்பதை உங்கள் நிறுவனத்து ஆய்வாளரிடம் கேட்டு, உங்கள் கையாலேயே செய்து பார்த்துவிட்டுப் போங்கள்.

நேரில் போவதாக இருந்தால் ஒன்று. சொல்லாமல் பண்ணை வாசலில் போய் நிற்காதீர்கள். ஒரு பண்ணைக்குப் போன செருப்போடு அடுத்த பண்ணைக்குப் போகிறவரை நோயைச் சுமந்து வருபவராகத்தான் பார்ப்பார்கள். பறவைக் காய்ச்சல் செய்தி வந்த நேரம் என்றால் கேட்கவே வேண்டாம். முதலாளிகள் பலருக்கு ஊருக்குள் அலுவலகம் இருக்கும். ‘நான் பண்ணைக்கு வரவில்லை, ஆபீசில் பார்க்கிறேன்’ என்று போனில் நீங்களாகவே சொல்லிப் பாருங்கள். தொழில் தெரிந்த ஆள் என்று அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிடும்.

கேள்வி: சிவகாசி அச்சகங்களுக்கு மை விற்கிறேன். தீபாவளி முடிந்தால் ஊர் ஓய்வாக இருக்கும் என்று நினைத்து நவம்பரில் போனேன். ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. தொழிலே படுத்துவிட்டதோ?
– செ.வ., மதுரை

பதில்: படுக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. சிவகாசியை வெடியோடு மட்டும் சேர்த்து நினைத்ததால் வந்தது இது. வெடிக்குத் தீபாவளியோடு ஆண்டு முடிகிறது. காலண்டருக்கு அப்போதுதான் உச்சம். அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதிலிருந்து ஆர்டர் பிடித்து, அச்சடித்து, டிசம்பருக்குள் கடைக்காரர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஜனவரி இரண்டாம் தேதிக்குப் பிறகு தினசரிக் காலண்டரை யார் வாங்குவார்கள்? நவம்பரில் இயந்திரம் நின்றால் முதலாளிக்கு உயிர் நின்றது போல. அந்த நேரத்தில் புது மையைச் சோதித்துப் பாருங்கள் என்றால் எப்படி உட்காரச் சொல்வார்?

ஆனால் எல்லா அச்சகமும் காலண்டர் அச்சகம் அல்ல. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்பவருக்குத் தீபாவளிக்கு முந்தைய மாதங்கள். நோட்டுப் புத்தகக்காரருக்கு ஜூன் பள்ளி திறப்பு. அட்டைப்பெட்டி அடிப்பவருக்கு அவருடைய வாடிக்கையாளரின் காலம். ஒரே தெருவில் நான்கு காலண்டர்கள் ஓடும். போனில் முதல் கேள்வியாக ‘உங்களிடம் அதிகம் ஓடும் வேலை எது?’ என்று கேட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மாதத்தை எழுதிக்கொள்ளுங்கள். காலண்டர்காரரை பொங்கல் கழிந்து பாருங்கள். வசூல் வந்திருக்கும், இயந்திரம் கழுவி வைத்திருக்கும், டீ சொல்வார்.

கேள்வி: ஒரு நாளைக்கு இத்தனை அழைப்பு என்று இலக்கு. ஒவ்வொருவரைப் பற்றியும் படித்துக்கொண்டிருந்தால் வேலை போய்விடும். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: ஒவ்வொருவரைப் பற்றியும் யார் படிக்கச் சொன்னது? தொழிலைப் படியுங்கள், ஆளை அல்ல. உங்கள் பட்டியலில் இன்று ஒரு பம்ப் கம்பெனி, அடுத்து ஒரு மருத்துவமனை, அடுத்து ஒரு நூற்பாலை என்று கலந்து இருக்கும், அதுதான் கொல்கிறது. தொழில் வாரியாக அடுக்குங்கள். இந்த வாரம் முழுக்க நூற்பாலை மட்டும். பஞ்சு எடைக் கணக்கில் கண்டி என்றால் 356 கிலோ, பருத்தி ஆண்டு அக்டோபரில் தொடங்கும், பஞ்சு விலைக்கும் நூல் விலைக்கும் நடுவே மிஞ்சுவதுதான் அவர் பிழைப்பு – இவ்வளவு தெரிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுது போதும், அது அந்த வாரத்து அழைப்புகள் அத்தனைக்கும் உதவும். மூன்றாவது அழைப்பில் ஒருவர் சொன்னதை ஏழாவது அழைப்பில் கேள்வியாகக் கேட்கலாம். வாரக் கடைசியில் உங்கள் மேலாளரைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும். அதை அவரிடம் காட்டிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நான் சந்திப்பது பெரிய நிறுவனங்களின் கொள்முதல் அதிகாரிகளை. டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாதே! எங்கே படிக்கலாம்?
– நி.ஹ., ஓசூர்

பதில்: டீக்கடையைக் குறைத்து நினைக்காதீர்கள், ஆலை வாசலில் சரக்கு இறக்கக் காத்திருக்கும் லாரி ஓட்டுநருக்கு எத்தனை ஷிப்ட் ஓடுகிறது என்பது தெரியும். ஆனால் காகிதமும் உங்களுக்கு நிறைய இருக்கிறது. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனமானால் ஆண்டறிக்கையை எடுத்து, தலைவரின் உரையைத் தாண்டிவிட்டு, நிர்வாகம் தொழிலைப் பற்றி எழுதும் பகுதியையும் இடர்கள் பற்றிய பகுதியையும் படியுங்கள். எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பது அங்கே இருக்கும்.

பங்குச் சந்தைக்கு வராத நடுத்தர நிறுவனங்களுக்கு வேறொரு புதையல் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. வங்கிக் கடனுக்காக கிரிசில், இக்ரா, கேர் போன்ற தர மதிப்பீட்டு நிறுவனங்களிடம் மதிப்பெண் வாங்குவார்கள். ஏன் அந்த மதிப்பெண் என்று அவை எழுதும் விளக்கம் இலவசமாகவே படிக்கக் கிடைக்கும். விற்பனையில் எவ்வளவு ஒரே வாடிக்கையாளரை நம்பி இருக்கிறது, சரக்கு எத்தனை நாள் தேங்குகிறது, புது ஆலைக்குக் கடன் வாங்கியிருக்கிறார்களா – நீங்கள் கேட்கத் தயங்குவதை எல்லாம் வங்கிக்காக எழுதி வைத்திருப்பார்கள். விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்டிருந்தால் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் அந்த விண்ணப்பமும் இருக்கும். தினம் எவ்வளவு தண்ணீர், என்ன கொதிகலன், எந்த எரிபொருள் என்று அதில் வரும். பம்ப், வால்வு, குழாய் விற்பவருக்கு அது கல்யாணப் பத்திரிகை.

உங்கள் நிறுவனம் குறு, சிறு உற்பத்தியாளராகப் பதிவு பெற்றதா என்பதையும் பாருங்கள். அப்படியானால் 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவு கொள்முதல் அதிகாரியைவிட அவருடைய கணக்குப் பிரிவைத்தான் அதிகம் கவலைப்பட வைத்திருக்கும்: ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தராவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாமல், பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்ட முடியும் என்றது அது. இதனாலேயே பதிவு பெற்ற சிறு நிறுவனங்களிடம் வாங்கத் தயங்கியவர்களும் உண்டு. பேச்சில் இழுப்பு தெரிந்தால் காரணம் உங்கள் விலையாக இல்லாமலும் இருக்கலாம்.

கேள்வி: இப்படித் தேடித் தெரிந்துகொண்டதைச் சொன்னால், ஏதோ உளவு பார்த்தது போல முகம் சுளிக்கிறார்கள்.
– த.மு., திண்டுக்கல்

பதில்: சுளிப்பார்கள். தொழிலைப் பற்றித் தெரிந்ததை வெளியே சொல்லுங்கள்; அவரைப் பற்றித் தெரிந்ததைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ‘சோளம் ஏறியதில் எல்லோருக்குமே கஷ்டமாமே’ என்பது உரையாடல். ‘போன வருடம் உங்களுக்கு நட்டமாமே’ என்பது வம்பு. கடன் விவரத்தைப் படித்திருந்தால், அதற்கு ஏற்றபடி தவணையை நீங்களே முதலில் எடுத்து வையுங்கள்; படித்தேன் என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று: தெரிந்ததை எல்லாம் ஒப்பிக்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் என்னைப் போன்ற பெண் பிரதிநிதி என்றால் ‘எந்த வங்கியிலிருந்து வருகிறீர்கள்?’ என்றுதான் கேட்பார்கள். கோழி பற்றி எனக்குத் தெரியும் என்று நிரூபிக்க ஆசை வரத்தான் செய்யும். அதற்கு உரை நிகழ்த்த வேண்டியதில்லை. ‘இந்த பேட்ச்சுக்கு எத்தனை வாரம் ஆகிறது?’ என்ற ஒரு கேள்வி போதும். முட்டை குறைந்தது வயதாலா தீவனத்தாலா என்பது அந்தப் பதிலில் இருக்கும், அதைக் கேட்கத் தெரிந்தவர் யார் என்பதும் அவருக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கேட்டால் எந்தத் தொழிலைப் பற்றியும் ஒரே நிமிடத்தில் எழுதித் தருகிறதே?
– அ.ஜோ., நாகர்கோவில்

பதில்: கேளுங்கள், தவறில்லை. தொழிலின் சொற்களைப் பழக நல்ல துணை. அது சொன்ன ஒவ்வொரு எண்ணையும் வேறிடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்றைய மைனஸ் விலையை மட்டும் நாமக்கல்லில் யாரிடமாவது போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.